வெட்டி எடுத்த 'அம்மா'

அவளுக்குக் குரல்தான் பிழைப்பு. பல்பொடி முதல் பாத்திரக் கடை வரை எல்லா விளம்பரத்திலும் அவள்தான் கொஞ்சுவாள். ஏழு வருஷமாக இடுப்பு வலி வேறு. ஆனால் அதற்கு விளம்பரம் கிடையாது, கணவருக்கு மட்டும்தான் தெரியும்.

தீராத வலிக்காரர்களை நடக்க வைப்பதற்காக மருத்துவமனை ஓர் ஒலிப்பதிவு கேட்டபோது, முதுகுக்கு இரண்டு தலையணை முட்டுக்கொடுத்து உட்கார்ந்துகொண்டு பேசினாள். "தினமும் நடந்து பாருங்கள்! புன்னகையோடு நடந்தால் வலி பறந்தே போகும்!" காகிதத்தைப் புரட்டத் திரும்பியபோது சுரீரென்று இழுத்தது. "அம்மா!" என்று வாயை மீறி வந்துவிட்டது. ஒலிப்பதிவாளர் அந்த 'அம்மா'வை அலுங்காமல் வெட்டி எடுத்தார்.

"இப்ப சுத்தமா இருக்கு மேடம்."

அன்றும் வீட்டு வாசல்வரை காரில் வந்திறங்கி நேரே கட்டிலுக்குப் போனாள்.

"ஊரையே நடக்கச் சொல்றியே, நீ தெருமுனை வரைக்குமாவது போயேன்" என்றார் கணவர்.

"அது வேலைங்க. பல்பொடிக்கும் நான்தான் பேசுறேன். அந்தக் கண்றாவியாலயா நாம பல் தேய்க்கிறோம்?"

மனுஷர் வாயை மூடிக்கொண்டார். வீட்டில் மட்டும்தான். முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்து, அந்தக் குரல் என் பெண்டாட்டியுடையது என்று பெருமையடித்துவிட்டார். விளைவு, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். முட்டிவலிக்காரர். மருத்துவமனை நடைக் குழுவுக்கு அவர்தான் தலைவர்.

"தினமும் உங்க குரலைப் போட்டுத்தாம்மா நடக்கிறோம். ஆனா எங்க தையல்காரம்மா நின்னுடப் போறேங்குது. 'இந்தப் பொம்பளைக்கு வலின்னா என்னன்னு தெரியுமா?'ன்னு கேக்குது. நாளைக்குக் கடைசியா ஒரு தடவை வருதாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா நடக்கும். இல்லேன்னா படுத்துடும்மா, பாவம்."

அவள் சாக்குத் தேடுவதற்குள், "அதுக்கென்ன, பேஷா வருவா" என்றார் கணவர். அவருடைய முகத்தில் வழிந்த சந்தோஷத்தை அவள் மறக்கவே போவதில்லை.

மறுநாள் காலை நடை தொடங்கியது. தையல்காரம்மா முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். தபால் நிலையத்தைத் தாண்டியதுமே குரல்காரிக்கு இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது. கண்டக்டர் கையிலிருந்த போனோ, "புன்னகையோடு நடந்தால் வலி பறந்தே போகும்!" என்று விடாமல் கொஞ்சியது. அந்தப் பொம்பளை கையில் கிடைத்தால் கழுத்தை நெரித்துவிடலாம் என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது.

யார் வீட்டுக் கேட்டையோ எட்டிப் பிடித்தாள். "அம்மா!"

எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

"உங்களுக்குமா வலி?" தையல்காரம்மாதான் கேட்டாள்.

"ஏழு வருஷமா."

"தினமும் நடப்பீங்களா?"

பொய் சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது. அந்தப் பெண் இடுப்பைப் பிடித்திருந்த விதம்தான் சொல்லவிடவில்லை. இவளும் அப்படியேதான் பிடித்திருந்தாள்.

"இன்னிக்குத்தான் முதல் தடவை."

கண்டக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். போச்சு, இனி அந்தப் பெண் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள் என்று குரல்காரியும் நினைத்தாள். வெட்கத்தில் முகம் எரிந்தது.

தையல்காரம்மா கண்டக்டர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அந்த போனை அணைங்க முதல்ல." பிறகு இவளிடம் கையை நீட்டினாள். "வாங்கக்கா, அந்த மூலை வரைக்கும் போவோம். மெதுவா."

எறும்பு கூட முந்திக்கொண்டு போயிருக்கும். ஆனாலும் மூலை வரைக்கும் போனார்கள். மறுநாளும் போனார்கள்.

அடுத்த வாரம் அவளே மருத்துவமனையைக் கேட்டு, அந்தச் செய்தியைத் தன் வார்த்தையில் மறுபடி பதிவு செய்தாள். தலையணை வேண்டாம் என்று நின்றபடியே பேசினாள். பேசி முடித்ததும் ஒலிப்பதிவாளர் தயங்கினார்.

"மேடம், நடுவுல ஒரு 'அம்மா' விழுந்திருக்கு. வெட்டிடவா?"

"மத்ததை வேணா வெட்டிக்கப்பா. அதுல மட்டும் கை வைக்காதே."