வாப்பாவின் உயரம்

வெந்நீர் ஊற்ற ஊற்ற, இறந்துபோன வாப்பாவின் முழங்கால்கள் இளகின. குளிப்பாட்ட வந்த லெப்பை மெல்ல அழுத்தியதும் இரண்டு கால்களும் நீண்டு, குதிகால்கள் குளிப்பாட்டும் பலகையைத் தாண்டின. தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்த மகன் அம்ஜத்துக்குக் கை ஓடவில்லை.

மூட்டை தூக்கியே கூனிப்போனவர் வாப்பா ஹமீட். பக்கவாதம் வந்த பிறகு நான்கு மாதம் மடங்கியே கிடந்தார். "ஒரு நாளைக்குக் காலை நீட்டிப் படுத்தாக் காணும், மகன்." அவருடைய ஒரே ஆசை அதுதான்.

மையித்தைத் தலைமுதல் கால்வரை நூல் பிடித்து அளந்து சொல்வதுதான் ஊர் வழக்கம். காலையில் கபுறுக்குழி வெட்டும் ஜிப்ரி அளவு கேட்டபோது, வாப்பாவைத் தொடப் பயந்து, "என்ட உசரம்தான் வரும், அஞ்சடி நாலு" என்று குருட்டாம்போக்கில் சொல்லிவிட்டான் இந்த மகராசன்.

ஜிப்ரி இப்போது போனை எடுக்கவில்லை. அம்ஜத் மோட்டார் சைக்கிளில் ஆற்றங்கரை மையவாடிக்குப் பறந்தான்.

"காக்கா, கபுறு கட்டையாப் போயிட்டு. இன்னும் வெட்டணும்."

"எவ்வளவு?" மண்வெட்டியைத் துடைத்தபடி ஜிப்ரி கேட்டார்.

"ஒரு சாண்... இல்ல, ரெண்டு விரல் காணும்."

"என்ன மகன், காணும் வரும் எண்டு கதைக்காய்? இது ஆத்து மணல். கூட வெட்டினாச் சரிஞ்சிரும். குறைஞ்சா வாப்பாவ மடக்கித்தான் வைக்கணும். அளந்துக்கு வா."

மடக்கி. அந்தச் சொல் வழி நெடுகக் கூடவே வந்தது. அஸர் தொழுகையோடு அடக்கம்; அதற்கு அரை மணித்தியாலம்கூட இல்லை. ரயில் கடவையில் கேற் வேறு போட்டிருந்தார்கள். வராத ரயிலை வாய்க்குள் திட்டித் தீர்த்தான்.

வீட்டில் கபன் துணி உடுத்தி முடிந்திருந்தது. மூத்தவளான ராத்தா அஸீமா மிஞ்சிய துணியில் ஒரு கீற்றைக் கிழித்து நீட்டினாள்.

"இந்தா. இதுக்கும் கண்கணக்குப் பாக்காத."

ஒரு நுனியை வாப்பாவின் உச்சந்தலையில் வைத்தான். மறுகையால் துணியை இழுத்துக்கொண்டே குதிகால்வரை போனான். முடிச்சுப் போட்டான். சந்தேகமாக இருந்தது. அவிழ்த்து, அந்தத் தலையை உள்ளங்கையால் அணைத்துப் பிடித்து மறுபடியும் அளந்து முடிச்சிட்டான். பயம் போன இடம் தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

"கெதியாப் போடா" என்றாள் அஸீமா.

தொழுகை முடிந்து கபுறுக்குள் இறங்கிக் கால்மாட்டைப் பிடித்தவன் அவன்தான். வலப்பக்கமாகச் சரித்து, காலை நீட்டி வைத்தார்கள். முடிச்சளவு பார்த்து ஜிப்ரி வெட்டிக் கூட்டிய இடம் சரியாக இருந்தது.

எல்லோரும் கலைந்த பிறகு சட்டைப்பையில் அந்தத் துணிக் கீற்று அகப்பட்டது. ஒரு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு மற்றதை மேலே இழுத்துப் பிடித்தான்.

முடிச்சு அவன் தலைக்கு மேல் நாலு விரல் உயரத்தில் நின்றது.