குடையைக் காளான் என்ற சிப்

அக்காவிடம் ஒரு கெட்ட பழக்கம். யாரிடம் எதைக் காட்டினாலும், அதில் என்னென்ன ஓட்டை என்று அவளே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். அவள் பேராசிரியையாக இருக்கும் பல்கலைக்கழகத்தில் அதற்குப் பேர் நேர்மை. தம்பி வேலை பார்க்கிற கேமரா கம்பெனியில் அதற்கு வேறு பேர். தன் சரக்கைத் தானே திட்டுகிற வியாபாரி உருப்படுவானா, நீங்களே சொல்லுங்கள்!

இரண்டு இடமும் சேர்ந்து நடத்திய ஆய்வு, நகத்தளவு ஒரு சிப். எதையும் துல்லியமாகக் கணக்குப் போடாது, குத்துமதிப்பாகப் போடும். அதனாலேயே துளி மின்சாரத்தில் பிழைத்துக்கொள்ளும். படத்தைக் காட்டினால் இன்னது என்று சொல்லும், நடுநடுவே உளறும். அக்காவின் பாதி ஆயுசு அதில் போயிருக்கிறது. இன்று கம்பெனி முதலாளி பார்த்துத் தலையாட்டினால் ஆய்வு தொடரும். இல்லையென்றால் சிப் அலமாரிக்குள் போகும், அவ்வளவுதான்.

முதலாளி முன்னால் சிப் உளறிவிடுமோ என்று தம்பிக்குப் பயம். அக்கா என்றால் அவனுக்கு உயிர். காலையில் அவள் காபி குடிக்கப் போன நேரம் பார்த்து, சத்தமில்லாமல் ஒரு காரியம் செய்தான். மேஜைக்கு அடியில் மறைத்து, சிப்போடு ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரைக் கோத்துவிட்டான். சிப் சொல்லும் ஒவ்வொரு விடையையும் அது சரிபார்த்து, தப்பாக இருந்தால் திருத்தித் திரையில் போடும். சரிபார்க்காத எதுவும் அவன் கம்பெனி வாசலைத் தாண்டாது. அதனால் இது அவனுக்குக் கை பழகிய வேலை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி!

முதலாளி வந்தார். ஒவ்வொரு படமாகக் காட்டினார்கள். பூனையைப் பூனை என்றது, ஏணியை ஏணி என்றது. ஒரு தப்பு இல்லை. அக்காவுக்கே ஆச்சரியம். தம்பி உள்ளுக்குள் குதித்தான். முதலாளியோ திரையை விட்டுவிட்டு, மேஜையோரம் இருந்த மின்சார மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், நம்ம பழைய கேமரா குடிக்கிற கரன்ட்டையேதான் இதுவும் குடிக்குது. அப்புறம் இது எதுக்கு?"

அடப்பாவி! விடை சரியாக வரவேண்டும் என்று மட்டும் பார்த்த தம்பி மீட்டரை மறந்தே போனான். திருத்துகிற கம்ப்யூட்டர் குடித்ததும் சேர்ந்தல்லவா அதில் ஏறியிருக்கிறது!

அக்காவின் முகம் செத்துப்போனது. ஆனால் அவள் யார்மேலும் பழி போடவில்லை. "என் அளவுதான் தப்பா இருந்திருக்கும் சார். இத்தனை நாள் நான்தான் தப்பா எழுதியிருக்கேன் போல. மன்னிச்சுக்குங்க," என்றாள்.

அந்தக் குரலைத் தம்பியால் தாங்க முடியவில்லை. வேலை போனால் போகட்டும், மானமும் போகட்டும் என்று எழுந்தான்.

"அக்கா தப்பு பண்ணல சார். நான்தான் பண்ணேன்." எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, தான் கோத்த கம்ப்யூட்டரைக் கழற்றினான். மீட்டர் முள் சடாரென்று கீழே விழுந்து, எழுந்திருக்கவே இல்லை.

முதலாளி ஒரு குடைப் படத்தைக் காட்டினார். திரையில் 'காளான்' என்று வந்தது.

"இதோ! இதுதான் என் சிப்!" அக்கா கைதட்டிச் சிரித்தாள். உடனே பழக்கம் விடுமா? "இதோட விடாது சார், சீப்பை வேலின்னு சொல்லும்..."

"போதும் மேடம், போதும்!" முதலாளியும் சிரித்துவிட்டார். "பார்க்கிங்ல வண்டி நிக்குதா இல்லையான்னு பார்க்கிற கேமராவுக்குக் குடை எதுக்கு, காளான் எதுக்கு? ஆய்வு நடக்கட்டும். வேற என்ன வேணும், கேளுங்க."

"இவனை எங்க லேபுக்கு அனுப்புங்க."

"இவனையா? கொஞ்சம் விட்டிருந்தா எல்லாத்தையும் குட்டிச்சுவராக்கியிருப்பானே!"

"ஆக்கினான்தான். ஆனா கேக்கறதுக்கு முன்னாடி தானே எழுந்து சொன்னான் பாருங்க. கணக்கு யாருக்கு வேணும்னாலும் சொல்லிக்குடுத்திடலாம் சார். இதை எப்படிச் சொல்லிக்குடுக்கறது?"

தம்பி தலையைத் தூக்கவில்லை. கண் கலங்கியதை மறைக்க, கழற்றிய வயரை மெனக்கெட்டுச் சுற்றிக்கொண்டிருந்தான்.

முதலாளி எழுந்து அவன் தோளில் தட்டினார். "நாளைக்கே கூட்டிக்கிட்டுப் போங்க மேடம். சம்பளம் எங்களுது, திட்டு உங்களுது."