காலண்டருக்குப் பின்னால் ஒரு மீன்

படப்பைப் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில், ஆறு மாதக் கர்ப்பிணியான ஜீவிதா எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்றாள். போன மாதத்தைவிட ஒரு கிலோ குறைவு.

நர்ஸ் தையல்நாயகி நிமிர்ந்தார். “நேத்து இன்னா சாப்ட்ட?”

“கீரை, பேரீச்சம்பழம், முட்டை, பால், கொண்டைக்கடலை, கேரட் சிஸ்டர்.”

“மீன்?”

“மீனா?”

தையல்நாயகி தன் நாற்காலிக்குப் பின்னால் தொங்கிய காலண்டரைத் தூக்கிக் காட்டினார். சுவரில் ஒட்டியிருந்த சத்துணவுப் படத்தின் கடைசியில் ஒரு மீன் இருந்தது.

“காலண்டர் மறைச்சிகினு இருந்துச்சு, அதான் மீனை மட்டும் வுட்டுட்ட. மத்ததெல்லாம் வரிசை மாறாம துன்னுக்கீற!”

ஜீவிதாவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றும்போனது. உண்மையைச் சொன்னால் கணவன் பிரிட்டோவைக் குறை சொல்வார்களே என்பதுதான் அவள் பயம். மறைமலை நகர் கம்பெனியில் அவனை வேலையிலிருந்து நிறுத்தி இரண்டு மாதமாகிறது.

“அங்கன்வாடியில குடுத்த சத்துமாவு?”

“அவருக்கு உருண்டை புடிச்சுக் குடுத்தேன். வேலை தேடி அலையறாரு இல்ல?”

“அவருக்கு எத்தினியாவது மாசம்?”

ஜீவிதா முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.

“சரி, தூக்கம் வருதா? அழுகை வருதா?”

ஜீவிதா வழக்கம்போலச் சுவரைப் பார்த்தாள். அந்தக் கேள்விக்குப் படம் ஏதும் இல்லை.

“வருது சிஸ்டர்.”

“எது, தூக்கமா?”

“அழுகை. நாளைக்கு அரிசி இருக்குமான்னு நெனச்சாலே நெஞ்சு படபடங்குது. இந்தப் புள்ளைக்கு நான் லாயக்கில்லன்னு தோணுது. அவரைத் திட்டாதீங்க சிஸ்டர்.”

தையல்நாயகி தன் டிபன் டப்பாவைத் திறந்து அவள் முன் நகர்த்தினார்.

“திட்றதுன்னா நேர்லயே திட்றேன். வியாழக்கெழமை இட்டுகினு வா. மனசுக்குப் பாக்குற டாக்டரம்மா வராங்க. வயிறு காஞ்சா யார் மனசும் பேஜார் பண்ணும். ஒம்மேல தப்பில்ல. மொதல்ல துன்னு.”

அவள் சாப்பிட்டு முடிப்பதற்குள், பக்கத்து அங்கன்வாடியில் சொல்லி ஒரு சத்துமாவுப் பொட்டலமும் வாங்கிவந்து கையில் திணித்தார்.

வியாழக்கிழமை பிரிட்டோவும் வந்தான். காலண்டர் வேறு ஆணிக்கு மாறியிருந்தது. மீன் பளிச்சென்று தெரிந்தது.

“நேத்து இன்னா சாப்ட்ட?”

ஜீவிதா சுவர்ப் பக்கமே திரும்பவில்லை.

“காலையில கஞ்சி. மத்தியானம் எதிர்வூட்டு ஷீலாக்காகிட்ட கேட்டு வாங்கின கொழம்பு, சோறு. சாயங்காலம் கொஞ்சம் அழுதேன். ராத்திரி சத்துமாவு உருண்டை மூணு. ஒண்ணு அவருக்கு.”

தையல்நாயகியின் பேனா நின்றது. பிரிட்டோவைப் பார்த்தார்.

“சத்தியமா ஒண்ணுதான் சிஸ்டர்,” என்றான் பிரிட்டோ.