வெட்டுக்காயத்தின் மாதிரி

தேன்மொழி சங்கரன்கோவிலில் வீட்டு மாடி அறையில் இருந்துகொண்டே சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வேலை பார்த்தாள். அந்த நிறுவனம், வெளிநாட்டுக்காரர்கள் அடுத்த வருடம் வெளியிடப்போகும் ஒரு கணினி விளையாட்டுக்கு உருவங்கள் செய்து கொடுத்தது. நான்கு பேர் கூட்டாக, எழுந்து நடமாடும் பிணங்களான ஜாம்பிகளைச் சுட்டுத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். குண்டு தீர்ந்தால் கோடரி, ஆணி அடித்த மட்டை, கடப்பாரை என்று எதை வேண்டுமானாலும் எடுத்து அடிக்கலாம். அந்த ஆயுதங்களையும், அவை உண்டாக்கும் காயங்களையும் செய்வதுதான் அவள் வேலை. சதை எப்படிப் பிளக்கும், எலும்பு எங்கே தெரியும் என்று இரண்டு வருடமாகப் பார்த்து அவளுக்கு மரத்துப்போயிருந்தது.

"பொம்மைப் படம் போடுதா" என்று அம்மா முருகம்மாள் கேட்பவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மார்ச் மாதம் குழுத் தலைவர் ஞானதுரை கூப்பிட்டார். பக்கத்து ஊரான திருவேங்கடத்துக்காரர். அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர்.

"நல்ல சேதிம்மா. நம்ம பக்கத்து வெட்டருவாளச் சேக்கலாம்னு சொன்னேன், கிளையண்ட் சரின்னுட்டான். அருவாள நீ பண்ணு. காயத்த நம்ம டீம்ல உள்ள ஆதம் முடிச்சிட்டான். ரெண்டையும் பொருத்திக் குடுத்துரு. அவன் பாத்துச் செஞ்ச போட்டோல்லாம் ஃபோல்டர்ல கெடக்கு."

அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. நான்கு நாளில் அரிவாளை முடித்தாள். வளைவு, பிடி, பிடியில் இறுக்கிய பூண், எல்லாம் சரியாக வந்தன. பிறகு ஃபோல்டரைத் திறந்தாள்.

பதினான்காவது படத்தில் ஒருவன் சாலையில் குப்புறக் கிடந்தான். நீலக் கட்டம் போட்ட சட்டை. அன்று காலை அதற்கு இஸ்திரி போட்டுக் கொடுத்ததே அவள்தான்.

ஆறு வருடத்துக்கு முன், கோயில் கொடைத் திருவிழாவில் வந்த தகராறில், குருவிகுளம் போகும் ரோட்டில் வைத்து அவள் அண்ணன் கருத்தப்பாண்டியை மூன்று பேர் வெட்டினார்கள். உடல் வீடு வந்து சேருமுன் அந்தப் படம் ஊரில் எல்லார் போனுக்கும் வந்துவிட்டது. சாட்சிகள் பின்வாங்க, மூவரும் வெளியே வந்தார்கள். அலுவலகத்தில் இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஃபோல்டரில் படத்தைப் பார்த்த அன்றுதான் ஞானதுரையிடம் சொன்னாள்.

"ஐயோ, சத்தியமா தெரியாதும்மா. நெட்ல கெடந்தத எடுத்திருக்கான். இப்பமே அழிக்கச் சொல்லுதேன்."

"அந்தக் காயம்?"

"அது ஓகே ஆயிட்டே. மொகம் இல்லல்லா, யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்லா, அண்ணாச்சி."

"நீயே மாத்தி அனுப்பு, பாப்போம்."

தோளிலிருந்து கழுத்துக்கு ஏறிய அந்த வெட்டை அழித்துவிட்டு, வேறொன்றை முதுகில் செய்து அனுப்பினாள். இரண்டே நாளில் திரும்பி வந்தது. முந்தையதில் இருந்த உண்மை இதில் இல்லையாம். பழையதையே வைத்துக்கொண்டார்கள்.

ஜூனில் முன்னோட்டம் வெளியானது. ஜாம்பியின் தோளில் அரிவாள் இறங்கும் இடத்தில் வேகம் குறைந்து, காயம் திரை முழுக்க விரிந்தது. ஊர்ப் பையன்கள் அந்தத் துண்டை மட்டும் வெட்டியெடுத்து, "நம்ம ஊரு அருவா, கெத்து மக்கா" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டார்கள். வெளியே வந்த மூவரில் ஒருவன் அதையே ஸ்டேட்டஸாக வைத்திருப்பதாக மாமன் மகள் கனகலட்சுமி காட்டினாள்.

தேன்மொழி ஞானதுரையைக் கூப்பிட்டாள். "வெளையாட்டு முடிவுல போடுத பேர்ல என் பேரு இருக்கப்படாது. வேலையும் வேண்டாம்."

"அவசரப்படாதம்மா. பேர எடுக்கது ஒண்ணும் பெரிய விசயமில்ல, இன்னைக்கே எடுத்துருதேன்" என்றார்.

சொன்னபடியே சாயங்காலத்துக்குள் எடுத்துவிட்டார்.

அவள் கீழே வந்தபோது அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னாள்.

"ஏட்டி, பொம்ம போடுத வேலதான? அதுல என்ன கஷ்டம்?"

தேன்மொழி எதிரே உட்கார்ந்து ஒரு கீரைக்கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எனக்குச் சரியா வரல, அம்மா."