முதுகில் எழுதிய அடையாளம்

விஜயதாஸுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. சாயங்காலம் பாறசாலை வாசகசாலையில் பேச வேண்டும். தலைப்பு, என்னை உருவாக்கிய எழுத்தாளர். ‘பக்கத்திலிருப்பவரின் வலியைக் கேட்க எனக்குக் கற்றுத்தந்தவர் இவர்’ என்ற முதல் வாக்கியத்தைக் காலையிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாயிற்று. அவருடைய நாவலிலிருந்து ஒரு பக்கம் வாசித்துக் காட்ட வேண்டும். அந்த நாவலைத்தான் காணவில்லை.

எல்லாம் மனைவி கிருபாபாயின் வேலை. தன் கண் ஆபரேஷனுக்காக அவர் மகன் ஜெனிலின் வீட்டில் தங்கியிருந்தபோது இங்கே அலமாரியில் கறையான் ஏறிவிட்டது. அவள் புத்தகங்களையெல்லாம் வெயிலில் காயப்போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் போடுவதுபோல் பழுப்புத் தாளில் அட்டை போட்டு, முதுகில் அடையாளமும் எழுதி வைத்துவிட்டாள். எழுதியது மலையாள எழுத்தில். வாய் நிறையத் தமிழ் பேசுவாள், ஆனால் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அப்பால், தமிழ்நாட்டில் தமிழில் படித்து, அங்கேயே வேலையும் பார்த்த அவருக்கோ, பஸ் போர்டு வாசிக்கிற அளவுக்குத்தான் மலையாளம்.

எழுத்துக்கூட்டி வாசித்தார். ‘ரயிலில் தனியே சிரித்தது’ என்றிருந்தது ஒன்று. பிரித்தால், எந்தப் பெரிய மனிதரையும் நம்பாதே என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்த எழுத்தாளர். ‘வேலையை விடுவேன் என்று நின்றது’ என்றிருந்தது இன்னொன்று. இளம் வயதில் கொஞ்ச நாள் அவரைப் புரட்சிக்காரராக்கி அலையவிட்டவர். எப்பேர்ப்பட்ட மேதைகள், மிளகாய்ப்பொடி டப்பா மாதிரி வரிசையாக நிற்கிறார்கள். அவருக்கு அழுகையே வந்தது.

பேரை எழுதித் தொலைத்தால் என்ன என்று கத்தினார்.

“பேரு வாசிக்க எனக்குத் தெரியுமா? அது கையில இருந்தப்ப நீங்க எப்பிடி இருந்தியளோ, அதாக்கும் எழுதினேன்.”

தேடுகிற நாவலை எப்போது வாசித்தார் என்று கேட்டாள். அது நினைவில்லை, வரிகள்தான் மனப்பாடம். நீல அட்டை, அதில் ஒரு படகு என்றார்.

கிருபாபாய்க்கு அது போதும். கீழ்த்தட்டில் கைவிட்டு, தேடாமலே ஒன்றை உருவிக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். பிரித்துப் பார்த்தார், அதேதான். அப்பாடா என்று புத்தகத்தின் முதுகைத் திருப்பி எழுத்துக்கூட்டினார். ‘விளிச்சேன், வரேல.’

இது என்ன அடையாளம் என்று எரிச்சலோடு கேட்டார்.

“ஜெனில் பிறந்த அன்னைக்கு. பெரிய ஆபரேஷன் வேணும்னு சொன்னாவ. பயந்து, நர்ஸ விட்டு உங்கள விளிச்சேன். நீங்க வெளிய பெஞ்சில இருந்து வாசிச்சிட்டு இருந்திய. ஒரு பக்கம் மிச்சம் உண்டு, வாறேன்னு சொல்லி விட்டிய.” அவள் குரலில் கோபம் இல்லை. அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

வெளியே ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. விஜயதாஸ் முதல் வாக்கியத்தைக் கடைசியாக ஒரு தடவை சொல்லிப் பார்க்க வாயைத் திறந்தார். அவளுக்குக் கேட்டுவிடும் என்று மூடிக்கொண்டார்.