கறுப்பு நாடா கட்டிய சட்டம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பயத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மல்சுன் அக்காவைக் காகிதத்தில் கொன்றவன் நான்.

தோங்யோங் துறைமுகத்தில் ஒரு மீன் குழம்புக் கடைக்கு மேல் எங்கள் படக் கம்பெனி. இயக்குநர் கிஹுன், ஒரு கேமராக்காரர், எழுத்துக்கு நான். இதுவரை நான்கு படங்கள். நான்கிலும் கடைசியில் ஒரு தொழிலாளி சாவார். தொழிலாளி உயிரோடு வீடு திரும்பினால் திரைப்பட விழாக்காரர்களுக்குப் பிடிப்பதில்லை.*

* பதினோரு வருஷம் சிப்பி உடைக்கும் கொட்டகையில் மூட்டை தூக்கினேன். தினமும் உயிரோடுதான் வீடு திரும்பினேன். யாரும் படம் எடுக்கவில்லை.

2

"விடியற்காலை. கடல்மேல் பனி. அவள் கைகளில்—"

(வேண்டாம். கொட்டகையில் கடலை யார் பார்த்தார்கள்? எல்லோரும் குனிந்து நிற்பார்கள்.)

மறுபடி. குவாக் மல்சுன், வயது அறுபத்தொன்று, சிப்பி உடைப்பவர். எங்கள் படத்திலும் அதே வேலை, அதே பெயர்.

"மெதுவா உடைங்கக்கா, சோகமா இருக்கணும்" என்றார் கிஹுன்.

"மெதுவா உடைச்சா மேஸ்திரி என் மண்டைய உடைப்பான் தம்பி."

3

கடைசிக் காட்சி, சாவு வீடு. பூக்களுக்கு நடுவே கறுப்பு நாடா கட்டிய சட்டத்தில் அக்காவின் படம் வேண்டும்.

"என் படமா? மாட்டேன்."

"நடிப்புதானேக்கா. பெரிய நடிகருங்களே செய்றாங்க."

"செய்யட்டும். எனக்கு வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில ரிசல்ட். மார்ல கட்டி."

கிஹுன் மெல்ல ஆரம்பித்தார்: "அக்கா, இந்தப் பயம் இருக்கே... இதை அப்படியே முகத்துல வெச்சுக்கிட்டு..."

அக்கா ஈரக் கையுறையைக் கழற்றி அவர் மடியில் போட்டார். "நீயே வெச்சுக்க."

4

முடிவு ஒன்று: சாவது அக்கா இல்லை, திரையில் வராத அவர் புருஷன். எந்த ஆண் முகமும் போதும்.

"அப்ப உன் படத்தையே வெய்யேன், டைரக்டர் தம்பி" என்றார் அக்கா.

கிஹுனின் அம்மா திட்டுவாராம். கேமராக்காரரின் மனைவிக்கு ஏழாம் மாதமாம். கலைக்காக உயிரையும் கொடுப்போம் என்று பேட்டி கொடுத்தவர்கள். என் படத்தை வைக்கலாம், ஆனால் நான்—

முடிவு இரண்டு: யாரும் சாகவில்லை. வேலை முடிந்து அக்கா பஸ் ஏறுகிறார்.

"இதை விழாவுல எவன் பாப்பான்?" என்றார் கிஹுன்.

"நான் பாப்பேன். வியாழக்கிழமைக்கு அப்புறமும் பாக்கணும், அவ்வளவுதான்."

5

இன்று புதன். காலிச் சட்டம் என் மேசைமேல். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது, கவிழ்த்து வைத்துவிட்டேன்.

வாசகரே, யாராவது செத்தால்தான் கதை முடியும் என்று நீங்களும் நினைத்தால், உங்கள் படம் ஒன்று அனுப்புங்கள். நேராகப் பார்க்கிற மாதிரி இருக்கட்டும். நாடாவை நான் கட்டுகிறேன்.