பயப்படாமல் கொடுக்கச் சொன்ன குரல்

நான் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் குடியிருப்புத் தாய்மாரின் வாட்ஸ்அப் குழுவில் யார் என்ன கேட்டாலும் குரலிலேயே பதில் அனுப்பிவிடுவேன். டைப் செய்யவெல்லாம் எனக்குப் பொறுமை கிடையாது.

என் தம்பி விளம்பரக் கம்பெனியில் இருக்கிறான். நாலு பேரை எப்படி வளைத்துப் போடுவது என்று அங்கே பாடம் எடுக்கிற மகான். "ஆயிரம் பேர் பாக்குற ஆள் வேண்டாம்க்கா. பத்து பேர் கேட்டு நடக்குற ஆள் ஒருத்தர் போதும்" என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலும் இதே பேச்சு. அந்த ஒருத்தர் நான்தான் என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு சொட்டு மருந்து பாட்டிலை என் கையில் திணித்தான்.

"சும்மா பிடிக்கா. உன் போன்ல கேமரா எப்படி இருக்குன்னு பாக்குறேன்."

நானும் பல்லைக் காட்டினேன். கூடப் பிறந்தவனை யார் சந்தேகப்படுவார்கள்?

மறுநாள் மாடி வீட்டுக்காரி தன் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். எழுப்பினாலும் அது கண் திறக்கவில்லை.

"நீங்க சொல்லித்தானே சிஸ்டர் குடுத்தேன்" என்று போனை நீட்டினாள்.

குழுவில், என் நம்பரிலிருந்தே, பாட்டிலும் சிரிப்புமாக என் படம். 'குழந்தை நன்றாகத் தூங்கும், மருந்துக் கடையில் கேளுங்கள்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே என் குரல்: "பயப்படாம குடுங்க. ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன்ல." காய்ச்சி ஆறிய தண்ணீரைப் பற்றி எப்போதோ நான் சொன்னது. அதைத் தேடி எடுத்து ஒட்டியிருக்கிறான், பாவி.

சாயங்காலம் குழந்தை கண் விழித்துவிட்டது. நான் நேராகத் தம்பியிடம் போனேன்.

"அறிவிருக்காடா உனக்கு?"

"உன் பேச்சுக்கு இவ்வளவு மதிப்பான்னு ஆபீஸே அசந்துபோச்சுக்கா" என்றான், பெருமையாக.

கன்னத்தில் ஒன்று விட்டேன். இன்னும் ஒன்று விட்டிருக்க வேண்டும்.

அது என் தம்பியின் விளம்பர வேலை, அந்த மருந்தைக் கொடுக்காதீர்கள் என்று குழுவில் உடனே பேசி அனுப்பினேன். கேட்டதற்கு நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான். சரி, நேரிலேயே போவோம் என்று வீடு வீடாக ஏறி இறங்கினேன்.

கீழ்வீட்டுப் பெண் கதவைப் பாதிதான் திறந்தாள். கையில் அதே பாட்டில்.

"அதைக் குடுக்காதீங்கம்மா. தூக்கிப் போடுங்க. நான் சொல்றேன்ல."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இது எந்தக் கம்பெனிக்காகச் சொல்றீங்க, சிஸ்டர்?"

உள்ளே குழந்தை அழ ஆரம்பித்தது. அவள் கதவைச் சாத்தினாள். சாத்தும்போதும் பாட்டில் அவள் கையில்தான் இருந்தது.